ஒரு கிலோ குறைந்த அரிசி மூட்டை

2016 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கோத்தகிரி மார்க்கெட்டில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்று வாங்கினேன். ஜீப் நான் வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியின் கேட் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து ஃபாக்டரி கொடுத்த லைன் வீட்டுக்கு, லயம் என்போம், மேட்டில் ஏற வேண்டும். மூட்டையை இறக்கி, மகன் வந்து தூக்கட்டும் என்று இலை எடை போடும் லீஃப் ஷெட்டில் காத்திருந்தேன். நல்ல மழை, தரையெல்லாம் ஈரம். அரிசி நனையக்கூடாதே என்று மூட்டையை எலக்ட்ரானிக் தராசின் தட்டில் வைத்தேன். சிவப்பு எழுத்தில் 24.0 என்று காட்டியது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை அவரிடமே ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லை இரவல் வாங்கி, பையில் மறைத்துக்கொண்டு போனேன். விடிகாலை, ஷெட்டில் யாரும் வருவதற்கு முன் அதைத் தட்டில் வைத்தேன். 4.8. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 4.8.

அந்தத் தராசில் பதினோரு வருஷமாக எடை பார்த்து எழுதியது நான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற படுகர் ஊர்க்காரர்களும், எங்களைப் போல இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் தினமும் இலை கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் எடையைச் சத்தமாகச் சொல்லி, அவரவர் பாஸ்புக்கில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மழைக்காலத்தில் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று கிலோக் கணக்கில் கழிப்பது வேறு விஷயம். அது கண்ணுக்கு முன்னால் நடப்பது. அதற்காகச் சண்டை போடுவார்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள், பிறகு போய்விடுவார்கள். இது அப்படியில்லை. நூற்றுக்கு நாலு, யாருக்கும் தெரியாமல்.

அன்று இரவு படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 6,000 கிலோ இலை வந்தால் 240 கிலோ காணாமல் போகிறது. கிலோ 12 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,880 ரூபாய். குன்னூரில் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கும். இந்த மாசம் என்ன விலை வரும் என்று ஜனங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எடையே பொய் என்றால் எந்த விலை வந்து என்ன பயன்? அந்தப் பொய்க்குக் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கும்மா அது? கணக்கு எழுதுறதுதானே உன் வேலை" என்றார். "கணக்குதான் சார் தப்பா இருக்கு" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பத்து நாள் பார்த்தேன். தராசை மாற்றவில்லை.

எலக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒரு முறை அரசு பரிசோதித்து முத்திரை வைக்க வேண்டும். உள்ளே யாரும் கை வைக்க முடியாதபடி கம்பி கோத்து ஈயத்தில் முத்திரை அடித்திருப்பார்கள். நம் மாநிலத்தில் அந்தச் சட்டமுறை எடையளவு வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறைதான். அந்தத் துறைக்கு இரண்டு பக்கம் எழுதி, பேர் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

அதிகாரி வந்தார். தராசைத் திருப்பிப் பார்த்தார். முத்திரைக் கம்பி அறுந்திருந்தது. எழுதிக்கொண்டார், தராசை எடுத்துப் போனார். பிறகு ஃபாக்டரி அபராதம் கட்டி அந்த விஷயத்தை முடித்துக்கொண்டது. புதுத் தராசு வந்தது. அதில் என் கையாலேயே மூன்று நாள் எடை போட்டேன். அந்த மூன்று நாளும் இலை கொண்டுவந்தவர்கள், "இன்னிக்கு என்ன அக்கா, கொழுந்து கனக்குது" என்று ஆச்சரியப்பட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

நாலாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் என் புகாரின் ஜெராக்ஸ் நகல் இருந்தது. எப்படி அவர் கைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. பேர் போடாமல் எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பதினோரு வருஷமாகத் தினமும் லீஃப் ரிஜிஸ்டரில் அவர்கள் பார்க்கிற கையெழுத்து அது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். சார்ஜ் மெமோ இல்லை, சஸ்பென்ஷன் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

காகிதம் கொடுக்காததில்தான் முழு சூட்சுமமும் இருந்தது. சஸ்பெண்ட் செய்திருந்தால் தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷச் சட்டப்படி பிழைப்பூதியம் கொடுத்தாக வேண்டும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். வாயால் "வராதே" என்று சொல்லிவிட்டு, "அவரே வேலையை விட்டுப் போய்விட்டார்" என்று எழுதிவிட்டால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சுக்குப் போனபோது அவர்கள் சொன்னது அதையேதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சிறிது நேரம் பேசவேயில்லை. எழுபதுகளில் ராமேஸ்வரம் கப்பலில் வந்து இறங்கியவர். "வேலை போனா லயம் போகும்மா. லயம் போனா எங்க போறது?" என்றார். பத்து நாளில் வீட்டுக்கு வருகிற கரண்ட்டைத் துண்டித்தார்கள். மகன் பத்தாம் வகுப்பு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தான். நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது என்னிடம் இருந்தவை மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். கைமாற்றுக் கேட்கலாம் என்றாலும் அன்றைக்கு யாரிடமும் காசு இல்லை.

தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணன்தான் வழி காட்டினார். ஓய்வுபெற்றவர், வீடு கட்டபெட்டு பக்கம். அவர் முதலில் கேட்டதே, "என்னிக்கு வர வேண்டாம்னு சொன்னாங்க? அதை எழுதி அனுப்பினியாம்மா?" என்றுதான். நான் அனுப்பவில்லை. அவரே உட்கார்ந்து எழுதினார். 'இன்ன தேதியில் வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் இப்போதும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்.' இரண்டே வரி. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டோம். ஐந்து வருஷம் கழித்து என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு வரிதான். ஆனால் அதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது. "ஏன் உடனே எழுதவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அண்ணன் ஒவ்வொரு சட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொன்றிலும் வெளியே நின்றேன். ஊழலைச் சொல்கிறவர்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்குத்தான். பிகாரில் நெடுஞ்சாலை ஊழலை எழுதிக் கொடுத்த இன்ஜினியர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கொல்லப்பட்ட பிறகுதான், 2004இல் புகார் கொடுப்பவர் பேரை ரகசியமாக வைக்கும் மத்திய அரசுத் தீர்மானம் வந்தது. அதுவும் மத்திய அரசு, அதன் நிறுவனங்களோடு சரி. கம்பெனி சட்டத்தில் புகார் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. அது பங்குச்சந்தையில் பதிவான கம்பெனிகள், பெரிய கடன் வாங்கிய கம்பெனிகள் போன்றவற்றுக்கு. மலைச்சரிவில் பத்து முப்பது பேர் வேலை பார்க்கிற ஒரு இலை ஃபாக்டரிக்கு இதில் எதுவும் பொருந்தாது.

எனக்கு மிஞ்சியது தொழில் தகராறுச் சட்டம். பழிவாங்க வேலையைவிட்டு எடுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று அதன் ஐந்தாம் அட்டவணை சொன்னது. முன்னமே ஒரு தகராறு நிலுவையில் இருந்திருந்தால், அந்த விஷயத்தோடு சம்பந்தமில்லாத குற்றத்துக்கு வேலைநீக்கம் செய்தாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அதிகாரியிடம் ஒப்புதல் கேட்டாக வேண்டும். ஒப்புதல் கேட்காத வேலைநீக்கம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. எங்கள் ஃபாக்டரியில் அப்போது எந்தத் தகராறும் நிலுவையில் இல்லை. நான் தனி ஆள்.

சமரசம் முறிந்தது. 2017இல் கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு. வாய்தாவுக்கு வாய்தா, விடியற்காலை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ், அங்கிருந்து காந்திபுரம். ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. நீதிபதி மாற்றம், வக்கீல்கள் புறக்கணிப்பு, பிறகு கொரோனா. எனக்குச் சாட்சி சொல்வதாக இருந்த ஒரு விவசாயி 2018இல் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அம்மா, மன்னிச்சுக்க. என் இலையை ஒரு வாரமா எடுக்கல. பறிச்ச கொழுந்து மூட்டையிலேயே கருகுது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பறித்த இலை அன்றைக்கே போகாவிட்டால் குப்பை. அது எனக்கும் தெரியும். அவருக்கு நான் காபி போட்டுக் கொடுத்தேன், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். சாட்சியை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு வாரம் இலை எடுக்கவில்லை, அவ்வளவுதான். என்னையும் யாரும் அடிக்கவில்லை. சம்பளத்தை நிறுத்தினார்கள். சட்டம் என் பக்கம் இருந்தது, முடிவில் நீதியும் கிடைத்தது. ஆனால் அது கிடைக்கிற வரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. வழக்கைக் கைவிடலாமா என்று நான் நினைத்த நாட்கள் எல்லாமே ரேஷன் அரிசி தீர்ந்த நாட்கள்தான்.

2021இல் தீர்ப்பு வந்தது. மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம், அதாவது வெளியே நின்ற காலத்துச் சம்பளத்தில் பாதி. ஃபாக்டரி உடனே சென்னை உயர்நீதிமன்றம் போனது. அப்போதுதான் என் வக்கீல் தொழில் தகராறுச் சட்டத்தில் பிரிவு 17பி என்று ஒன்றைச் சொன்னார். மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து முதலாளி மேல் கோர்ட்டுக்குப் போனால், அந்த வழக்கு முடிகிற வரைக்கும் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். வேறெங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 1984 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஜெயித்த பிறகுதான் வருகிறது. ஜெயிக்கிற வரைக்கும் உயிரோடு இருக்க எதுவுமில்லை.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. யாரோ எடுத்த ஒரு புகைப்படத்தை ஃபாக்டரி தாக்கல் செய்தது. கூடையும் தலைத்துண்டுமாக ஒரு தோட்டத்தில் நான் இலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். 'இவர் வேறு வேலையில் இருக்கிறார்.' அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் கோர்ட்டில் முதல்முறையாக அழுதேன். கிடைத்த நாளில் மட்டும் கூலிக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டதைக் குற்றம் மாதிரி காட்டினார்கள். என் வக்கீல் எழுந்து, போதுமான ஊதியம் வருகிற வேலை என்றால்தான் 17பி தடைபடும் என்று வாதாடினார். 2013இல் ஒரு மகாராஷ்டிர ஆசிரியை வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதையும் படித்துக் காட்டினார். வேலை போனவர் தனக்கு வேறு வருமானம் இல்லை என்று சொல்லிவிட்டால், இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. 2022இல் உத்தரவு கிடைத்தது. மாதம் 8,200 ரூபாய். 2016இல் நான் கடைசியாக வாங்கிய சம்பளம் அதுதான். 2023இல் ஒரு தொகைக்குச் சமாதானமாக முடித்துக்கொண்டேன். உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் நாத்தனார் மகள். நர்ஸ் படித்து இங்கிலாந்து போய் இருபது வருஷமாகிறது, அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ராத்திரி ஷிஃப்டில் கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் காலையில் எழுதி வைப்பதைப் பார்த்து, மேலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்தாள். "அத்தை, உங்களை மாதிரியே எனக்கும் ஆச்சு." நான் பயந்துபோனேன். ஆறு வருஷம் என் கண் முன்னால் வந்தது. அவள் சொன்னாள், "இல்லத்தை, இங்க ஏழு நாள் கணக்கு ஒண்ணு இருக்கு."

பிறகு நாலைந்து முறை பேசி முழுதும் புரிந்துகொண்டேன். 1987இல் பெல்ஜியத்தின் ஜீப்ருக் துறைமுகத்துக்கு வெளியே, முன்கதவை மூடாமல் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவைப் பற்றி ஊழியர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள், மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்படிச் சில பெரிய விபத்துகளுக்குப் பிறகு, பிரிட்டனில் 1998இல் பொதுநலனுக்காக உண்மையைச் சொல்பவர்களுக்கான சட்டம் ஒன்று போட்டு, 1996ஆம் வருஷ வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். அரசு வேலை, தனியார் வேலை என்ற பேதமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு.

அதில்தான் அந்த ஏழு நாள். உண்மையைச் சொன்னதற்காகத்தான் வேலை போனது என்று சொல்கிறவர், வேலை முடிந்த தேதியிலிருந்து ஏழு நாளுக்குள், வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். ஏழு நாள் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும், மற்ற வழக்கை மட்டும் நடத்திக்கொள்ள வேண்டியதுதான். மற்ற வழக்குகளுக்குக் கட்டாயமான சமரசக் கட்டம் இதற்குத் தடையில்லை. முடிந்த அளவு சீக்கிரம் விசாரிக்க வேண்டும். சாட்சி விசாரணை நீளமாகப் போகாது, கையிலிருக்கும் காகிதங்களைப் பார்த்து, முழு விசாரணையில் இவர் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏதோ கொஞ்சம் வாய்ப்பு என்றால் போதாது. 1978இலிருந்து கோர்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கிற அளவுகோல் அது, கடினமானது, கேட்கிற எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்துவிட்டால், முதலாளி திரும்ப எடுக்கச் சம்மதிக்கவில்லை என்றாலும் முழு விசாரணை முடிகிற வரைக்கும் சம்பளம் வந்துகொண்டிருக்கும். கடைசியில் தோற்றாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவளிடம் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஆறாம் நாள் மனுப் போட்டாள். அவள் மேலே எழுதிய மின்னஞ்சல்கள் தேதியோடு இருந்தன, வேலைநீக்கக் கடிதமும் அதற்கு மறுவாரத்துத் தேதியில் இருந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது. முழு விசாரணை அடுத்த வருஷம். அவள் வாடகை கட்டுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், ராத்திரி தூங்குகிறாள்.

இங்கே 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. மேல் கோர்ட்டில் வழக்கு இருக்கும்போது சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு அதிலும் இருக்கிறது. ஆனால் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போக முன்பு இருந்த மூன்று வருஷக் கெடு இரண்டாகக் குறைந்துவிட்டது. தொழிலாளிக்குக் கெடுவைக் குறைத்தவர்கள், முதல் மாதத்தில் சோற்றுக்கு ஒரு வழியையும் அதில் எழுதியிருக்கலாம். ஆரம்பத்திலேயே காகிதங்களைப் பார்த்து, இது பழிவாங்கல் மாதிரித் தெரிகிறது என்று தோன்றினால் சம்பளத்தைத் தொடரச் சொல்லும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வெளிப்படையாக வேண்டும். என் அறுந்த முத்திரைக் கம்பியையும், புகார்த் தேதியையும், என்னை அனுப்பிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு அரை மணி நேரம் போதும்.

போன செவ்வாய்க்கிழமை கீழ்க்கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். இருபத்தைந்து வயசிருக்கும். இலை வாட்டும் தொட்டியின் ஃபேனுக்கு மூடி இல்லை, ஒரு அக்காவின் சேலை முந்தானை உள்ளே இழுத்துவிட்டது, அதை எழுதிக் கொடுத்தேன், முந்தாநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றான். "ஒரு வாரம் பார்த்துட்டுப் போய் சாரைப் பார்க்கட்டுமா அக்கா?" என்று கேட்டான். பார்க்க வேண்டாம் தம்பி, இப்பவே ஒரு பேப்பர் எடு என்றேன். போனிலேயே அந்த இரண்டு வரியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். பதிவுத் தபாலை இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், கவுண்டர் மூடுவதற்குள் போ, ரசீதைப் பத்திரமாக வை, எழுதினதையும் ஒரு போட்டோ எடுத்துக்கோ என்றேன்.

மூணே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ரசீதின் படம் வந்தது. கை நடுங்கி எடுத்திருக்கிறான், ஓரம் மங்கியிருந்தது. தேதி மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.